நல்ல வேலைப்பாடுள்ள ஒற்றைத் தோட்டா ரைபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

சமவெளிக்காரன் | செப்டம்பர் 4

வணக்கம். கால்கரிக்குக் கிழக்கே, கோதுமை வயல்களும் ஓடைப் பள்ளங்களும் கலந்த பகுதியில் வசிக்கிறேன். கனடாவின் துப்பாக்கி உரிமம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை மான் வேட்டைக்கு .308 அளவு போல்ட் ரைபிளையே (கைப்பிடியை உயர்த்திப் பின்னே இழுத்துத் தோட்டா மாற்றும் வகை) எடுத்துப் போனேன். அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

சென்ற நவம்பரில், எங்களுக்கு நிலத்தில் இறங்க அனுமதி தரும் முதிய பண்ணையார் தம் ரைபிளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். விசைக்காப்பின் கீழிருந்த நெம்புகோலை இறக்கியதும் குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டை எண்ணெயில் வழுக்கினாற்போலக் கீழே போனது. ஒரே ஒரு தோட்டாவை விரலால் உள்ளே தள்ளி, நெம்புகோலை ஏற்றினேன். பழைய இரும்புப் பெட்டியின் கதவு சாத்தியது போல ஓர் ஒலி. அன்றிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நீங்கலாக 2,500 கனடிய டாலர் ஒதுக்கியிருக்கிறேன். புதிதானாலும் பழையதானாலும் சரி. சுவரில் மாட்டி வைக்க அல்ல, உண்மையாகவே தோளில் போட்டுக்கொண்டு நடக்க. எந்த வகையை வாங்கலாம் என்பது ஒரு கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி, நன்றாகச் செய்யப்பட்டது என்று கடையில் நின்றபடி எப்படித் தெரிந்துகொள்வது?

---

போல்ட்டே போதும் | செப்டம்பர் 4

அந்தப் பணத்தில் நல்ல போல்ட் ரைபிள் ஒன்று, அதற்கு நல்ல ஸ்கோப் ஒன்று, மிச்சத்தில் ஓராண்டுக்குத் தோட்டா. நான்கு தோட்டா கொள்ளும் துப்பாக்கியில் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டால் அதுவும் ஒற்றைத் தோட்டா ரைபிள்தான். இனி உங்கள் விருப்பம்.

---

மரத்தச்சன் | செப்டம்பர் 4

மேலே உள்ளவர் எல்லா இழையிலும் இதையே எழுதுவார், பழகிக்கொள்ளுங்கள்.

நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அலமாரி செய்யும் தச்சன். துப்பாக்கியின் மரக்கட்டைகளைப் பழுது பார்ப்பது மாலை நேர வேலை. ஆகவே மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போல்ட் ரைபிளில் மரம் ஒரே துண்டு. நீங்கள் கேட்கும் வகையில் பெரும்பாலும் இரண்டு துண்டு: தோளில் அமரும் பின்கட்டை, கையில் பிடிக்கும் முன்கட்டை. நடுவில் இரும்புப் பெட்டி. இந்த இரண்டு சந்திகளில்தான் வேலைப்பாடு தெரியும். பளபளப்பையும் செதுக்கிய பூவேலையையும் நம்பாதீர்கள், அவற்றை இயந்திரமே போட்டுவிடும்.

முதலில் பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருந்தால் நல்லது. பிற்காலத்தில் தேய்த்து மெருகேற்ற இடம் விட்டிருக்கிறார்கள். மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டு அழகு பார்த்திருக்கிறார்கள். இரும்பின் வால்பகுதிக்குப் பின்னால், கைப்பிடி தொடங்கும் இடத்தில், டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு ஓடினால் வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னோக்கி இடிப்பது அந்த இடத்தைத்தான். மரத்தின் ரேகை அங்கே கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிப் போனால் எவ்வளவு அழகான வால்நட்டாக இருந்தாலும் ஒரு நாள் ஒடியும்.

அடுத்தது திருகாணிகள். திருகாணித் தலையின் பள்ளம் கிழிந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று பொருள். அவர் உள்ளே வேறு என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு எக்ஸ்ட்ராக்டர், அதாவது வெற்றுக்கூட்டை வெளியே எடுக்கும் உறுப்பு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். போல்ட் ரைபிளில் கைப்பிடியை உயர்த்தும்போதே ஒரு சரிவு கூட்டை நெம்பிக் கொடுக்கும். ஒற்றைத் தோட்டா வகைகள் பலவற்றில் அந்த நெம்பு வலிமை குறைவு. என் முதல் மடக்கு ரைபிள் (குழல் முன்னால் மடியும் வகை), தயாரித்தவர் பெயர் வேண்டாம், வெயில் நாளில் சுட்டால் கூட்டை விடாது. ஒரு முறை முதல் குண்டு தவறியது. மான் நாற்பது அடி நகர்ந்து நின்று என்னையே பார்த்தது. நான் துடைகோலைக் குழலின் முன்வாயில் விட்டு இடித்துக்கொண்டிருந்தேன். அது பார்த்து அலுத்துவிட்டுப் போய்விட்டது.

ஆகவே கடைக்குப் போகும்போது அதே அளவில் சுட்ட வெற்றுக்கூடு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் அனுமதியோடு போட்டு, எடுத்துப் பாருங்கள்.

---

தேனி வாசகன் | செப்டம்பர் 5

ஊரில் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது, காட்டுப்பன்றியை விரட்ட உரிமம் பெற்று வைத்திருந்தார். நீங்கள் பேசுவது அதுதானா? அதில் வேலைப்பாடு என்று பேச என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

---

மரத்தச்சன் | செப்டம்பர் 5

நல்ல கேள்வி. தாத்தாவுடையது பெரும்பாலும் 12 போர் ஷாட்கன்னாக இருந்திருக்கும். உட்புறம் வழவழப்பான குழல், சிதறும் ரவை, முப்பது நாற்பது கெஜம் எட்டினால் போதும் என்ற கணக்கு. நாங்கள் பேசுவது உட்சுவரில் திருகுவரி வெட்டிய குழல். ஒரே குண்டு சுழன்றுகொண்டே போய் 200 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குள் விழ வேண்டும். அதற்குக் குழல், மரம், பூட்டு மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கேதான் வேலைப்பாடு வருகிறது.

---

ஆல்ப்ஸ் அடிவாரம் | செப்டம்பர் 5

தம்பி, நான் ஜெர்மனியின் அல்காய் பகுதியிலிருந்து எழுதுகிறேன். இங்கே வேட்டை உரிமத் தேர்வுக்குப் பச்சை நிறப் பள்ளி இறுதித் தேர்வு என்று கேலிப்பெயரே உண்டு, அவ்வளவு பாடம். நாற்பத்தொரு வயதில் அதை எழுதித் தேறினேன்.

எங்கள் மலைகளில் ஒற்றைத் தோட்டா என்றால் மடக்கு ரைபிள்தான். கிப்லாவ் என்பார்கள். ஷாட்கன் போலவே குழல் முன்னால் மடியும். காட்டாட்டைத் தேடி ஏறுகிறவருக்கு எடைதான் முதல் எதிரி. இவை ஸ்கோப் இல்லாமல் இரண்டரைக் கிலோ அளவில் நிற்கும். மூன்று துண்டாகக் கழற்றி முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்து ஏறலாம். இஸ்னி ஊரின் பிளேசர் கே95, சூல் நகரத்து மெர்க்கெல், உல்ம் நகரத்துக் கிரீகாஃப், இவை ஒரு வரிசை. ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கில் கைவேலைக்காரர்கள் செய்வது வேறு வரிசை. விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுருள்வில்லைக் கையால் ஏற்றும் முறை. தோட்டா உள்ளே இருந்தாலும் உள்வில் தளர்ந்தே கிடக்கும். மானைப் பார்த்து, தோளில் வைத்த பிறகு, கட்டைவிரலால் ஒரு பொத்தானை முன்னே தள்ளினால்தான் வில் ஏறும். சுட வேண்டாம் என்று முடிவு செய்தால் அதே விரலால் இறக்கிவிடலாம். ஈரப் பாறையில் ஒரு முறை வழுக்கி, முதுகில் ரைபிளோடு நான்கு மீட்டர் சறுக்கியிருக்கிறேன். அந்த நான்கு மீட்டரிலும் நான் அஞ்சியது என் முழங்காலுக்காக மட்டுமே.

பழைய ஜெர்மன் துப்பாக்கி கிடைத்தால் குழலின் அடிப்பக்கம் பாருங்கள். இங்கே அரசு சோதனைச் சாலையில் அழுத்தச் சோதனை செய்யாமல் எதுவும் விற்பனைக்கு வராது. உல்ம் நகரத்துச் சோதனை என்றால் மான்கொம்புக் குறி இருக்கும். பக்கத்தில் இரண்டு எழுத்துகள் ஆண்டைச் சொல்லும்: ஏ என்றால் 0, பி என்றால் 1, அப்படியே போகும், ஜே மட்டும் கிடையாது. எச்-ஜி என்று இருந்தால் 76. விற்பவர் வேறு ஆண்டு சொன்னால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மடக்கு வகையைச் சோதிக்க ஒரு வழி: முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, பின்கட்டையைப் பிடித்து மெல்ல அசையுங்கள். கீல் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பெட்டிக்கும் நடுவே கோடு தெரியக் கூடாது.

---

மரத்தச்சன் | செப்டம்பர் 5

அக்கா சொல்வதில் பிழையே இல்லை. ஆனால் அவர் ஊர்த் தோட்டாக்களைச் சொல்லவில்லை. அந்த ரைபிள்கள் முழு மனதோடு வேலை செய்வது அடிவிளிம்பு நீட்டிய தோட்டாக்களோடுதான்: 6.5x57ஆர், 7x65ஆர் போன்றவை. அந்த விளிம்பைப் பிறைவடிவ எக்ஸ்ட்ராக்டர் நன்றாகக் கவ்வும். சமவெளிக்காரர் இருக்கும் ஆல்பர்ட்டாவின் சிற்றூர்க் கடையில் 7x65ஆர் கேட்டால் ஏதோ வாகன உதிரிப்பாகம் என்று நினைப்பார்கள். விளிம்பில்லாத .308 போன்றவற்றுக்கும் குழல் தருகிறார்கள், உண்மை. அப்போது பக்கவாட்டுப் பள்ளத்தில் ஒரு சிறு வில்நகம் கவ்வ வேண்டும். பனித்தூள் புகுந்தால் அந்த நகம்தான் முதலில் முரண்டு பிடிக்கும்.

மேலும் 2,500 டாலருக்குப் புதிய கே95 கிடைக்காது.

---

ஆல்ப்ஸ் அடிவாரம் | செப்டம்பர் 5

பத்தாண்டுகளாக .308 மெர்க்கெல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. நகம் ஒரு முறை கூட முரண்டு பிடித்ததில்லை. விலையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

---

மிசிசிப்பி மீனவன் | செப்டம்பர் 6

விலை பேசுவதால் சொல்கிறேன். எங்கள் மாநிலத்தில் ஒற்றைத் தோட்டா ரைபிளை மக்கள் காதலால் வாங்கவில்லை, சட்டத்தால் வாங்கினார்கள். மிசிசிப்பியில் மான் பருவத்தின் ஒரு பகுதி பழங்கால ஆயுதங்களுக்கு என ஒதுக்கப்பட்டது. பின்வாய் வழியே தோட்டா போடும் ரைபிளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்: ஒற்றைத் தோட்டாவாக இருக்க வேண்டும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி வெளியே தெரிய வேண்டும், .35 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவாக இருக்க வேண்டும். உடனே .45-70, .35 வீலன் அளவுகளில் மலிவான மடக்கு ரைபிள்கள் கடை கடையாகக் குவிந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்து எச் அண்ட் ஆர் செய்த ஹேண்டி ரைபிள் அவற்றில் பேர்போனது. 2015இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது சிவிஏ ஸ்கவுட், ஹென்றி போன்றவை அந்த இடத்தில் இருக்கின்றன.

என் ஹேண்டி ரைபிளில் மரம் இரும்போடு சேரும் இடத்தில் காசு நுழையும். ஆனாலும் பதினோரு மான்கள். மரத்தச்சன் ஐயா மன்னிக்க வேண்டும்.

---

மரத்தச்சன் | செப்டம்பர் 6

மன்னித்தேன். எந்தக் காசு என்று சொல்லுங்கள், அதைப் பொறுத்தது.

---

பழைய இரும்பு | செப்டம்பர் 7

மொன்டானாவிலிருந்து. ஷார்ப்ஸ் ரைபிள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை பெற்ற, பின்வாய்க் கட்டை கீழே இறங்கும் பூட்டு. 1870களில் சமவெளிக் காட்டெருமைகள் அழிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறைக்க முடியாது. மூல நிறுவனம் 1881இல் மூடப்பட்டது. இன்று எங்கள் பிக் டிம்பர் ஊரிலேயே ஷைலோ, சி. ஷார்ப்ஸ் என்று இரண்டு பட்டறைகள் அதை மீண்டும் செய்கின்றன. உறுப்புகளை அவர்கள் பொருத்தியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் மரத்தச்சன் அழுதுவிடுவார்.

என்னிடம் 30 அங்குலக் குழலோடு .45-70 இருக்கிறது. அந்தத் தோட்டா 1873இல் அமெரிக்கப் படைக்காக வந்தது. இன்னும் மானை விழச் செய்கிறது.

ஆனால் சமவெளிக்காரருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். காரணம் ஒன்று, எடை ஐந்து கிலோவுக்கு அருகே. காரணம் இரண்டு, 405 கிரெயின் எடையுள்ள குண்டுக்குக் குறியை 100 கெஜத்துக்குப் பொருத்தினால் 200இல் அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்து விழும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் மானின் காலில் படும். வெட்டவெளியில் அந்தத் தப்பு எளிதில் நேரும். காரணம் மூன்று, நீங்கள் பட்டறையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் உங்கள் ஆசை வேறு பக்கம் போய்விடலாம்.

பண்ணையார் கையில் இருந்தது என்ன வகை? சுத்தி வெளியே தெரிந்ததா?

---

சமவெளிக்காரன் | செப்டம்பர் 7

எல்லோருக்கும் நன்றி. சுத்தி வெளியே தெரியவில்லை. பின்கட்டையின் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் நழுவும் பாதுகாப்புப் பொத்தான். சிவப்பு ரப்பர் அடி.

---

பழைய இரும்பு | செப்டம்பர் 7

ரூகர் நம்பர் ஒன். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

1967இல் வந்தது. எல்லோரும் தானியங்கியும் போல்ட்டும் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் பில் ரூகர் புதிதாக ஒரு ஒற்றைத் தோட்டா ரைபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்க்கர்சன் 1872இல் காப்புரிமை பெற்ற பழைய பிரிட்டிஷ் ரைபிளின் சாயல் அதில் உண்டு. உள்ளே இருக்கும் பூட்டு வேறு. மரக்கட்டையை வடிவமைத்தவர் லென் பிரவுனெல். அந்த வளைவுக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி வின்செஸ்டர் 1885. ஜான் பிரவுனிங் இளைஞராக யூட்டாவில் பட்டறை வைத்திருந்தபோது செய்தது, 1879இல் காப்புரிமை. 1883இல் வின்செஸ்டர் 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. இப்போது அதே பெயரில் ஜப்பானின் கோச்சி மாநிலத்து மிரோக்கு செய்கிறது. உலோக வேலை துல்லியம். சுத்தி வெளியே தெரியும், கையுறையோடு ஏற்றி இறக்கப் பழக வேண்டும்.

---

போல்ட்டே போதும் | செப்டம்பர் 8

சரி, விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். மலையடிவாரப் பக்கம் போனால் அங்கே கிரிஸ்லி கரடி இருக்கிறது. விழுந்த மானின் அருகில் கரடி வந்து நின்றால் ஒரே தோட்டாவோடு என்ன செய்வீர்கள்?

---

சமவெளிக்காரன் | செப்டம்பர் 8

நியாயமான கேள்வி. மலையடிவாரத்துக்கு .308தான் வரும், கூடவே கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான். இந்த ரைபிள் சமவெளிக்கு மட்டும். இங்கே மானுக்கும் எனக்கும் நடுவில் புல்லும் காற்றும்தான்.

---

பழைய இரும்பு | செப்டம்பர் 8

இரண்டாம் தோட்டாவைப் பற்றி ஒரு வழக்கம் சொல்கிறேன். முன்கட்டையைப் பிடிக்கும் இடக்கையின் விரலிடுக்கில் ஒரு தோட்டாவைச் செருகிக்கொள்ளுங்கள். சுட்டதும் நெம்புகோலை இறக்க, கூடு வெளியேற, விரலிடுக்கில் இருப்பது உள்ளே போகும். வீட்டில் போலித் தோட்டாவோடு நாளுக்கு இருபது முறை என ஒரு மாதம் பழகினால் நான்கு விநாடிக்குள் வரும். தடித்த கையுறையோடு இது நடக்காது. விரல்நுனி திறந்த கையுறை வேண்டும்.

---

சமவெளிக்காரன் | செப்டம்பர் 19

இரண்டு வாரமாகக் கடைகளில் சுற்றினேன். கண்ணில் பட்டவை இரண்டு.

ஒன்று, ரூகர் நம்பர் ஒன், 1-ஏ வகை, 7x57 அளவு, 22 அங்குலக் குழல், ஸ்கோப் இல்லாமலே குறிபார்க்க இரும்புக் குறிகளோடு. ஒருவர் கைமாறி வந்தது. மரத்தில் கீறல் உண்டு, வெடிப்பு இல்லை. திருகாணித் தலைகளில் முன்கட்டையின் ஒன்று மட்டும் கிழிந்திருக்கிறது.

இரண்டு, மிரோக்கு செய்த வின்செஸ்டர் 1885, .30-06, 28 அங்குல எண்கோணக் குழல். புத்தம்புதிது போல இருக்கிறது, பார்க்க மிக அழகு. விலை முந்நூறு டாலர் கூடுதல்.

வெற்றுக்கூட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோனேன். கடைக்காரர் முதலில் விசித்திரமாகப் பார்த்தார், பிறகு அவரே இன்னொரு ரைபிளுக்கும் போட்டுப் பார்த்தார்.

---

மரத்தச்சன் | செப்டம்பர் 19

28 அங்குல எண்கோணக் குழலைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்து பாருங்கள், அழகு மாலை மூன்று மணிக்கு முடிந்துவிடும். பெஞ்சில் வைத்துச் சுடவோ, மறைவில் உட்கார்ந்திருக்கவோ அதற்கு நிகரில்லை. நீங்கள் நடக்கிறவர்.

1-ஏ ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. மொத்த நீளம் 38.5 அங்குலம். அதே 22 அங்குலக் குழலுள்ள போல்ட் ரைபிள் 42 அங்குலத்தைத் தொடும், ஏனென்றால் போல்ட் முன்னும் பின்னும் ஓட இடம் வேண்டும். கட்டை மேலும் கீழும் போகும் பூட்டுக்கு அந்த இடமே தேவையில்லை. முள்வேலிக்குக் கீழே குனிந்து போகும்போது அந்த மூன்றரை அங்குலத்தின் அருமை தெரியும்.

ஆனால் நம்பர் ஒன்னின் இரண்டு குணங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலாவது முன்கட்டை. பெட்டியிலிருந்து குழலுக்கு அடியில் ஓர் இரும்புக் கை நீண்டு வரும். முன்கட்டை அந்தக் கையில் ஒரு சாய்ந்த திருகாணியால் தொங்குகிறது. அந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு மரம் குழலை மேலே அழுத்தும். மழையில் மரம் ஊறினாலும் அப்படியே. அழுத்தம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும். இந்த ரைபிள் ஒரு நாள் ஊசி முனையில் சுடும், மறுநாள் ஊரைச் சுற்றும் என்ற பெயர் இதனால்தான். கிழிந்திருப்பது அந்தத் திருகாணி என்பதைக் கவனியுங்கள். முந்தைய உரிமையாளர் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். இது ஒரு மாலையில் தீர்கிற வேலை, அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஸ்கோப். குழலின் பின்பகுதியில் உள்ள இரும்பு விலாவில்தான் ரூகரின் வளையங்கள் அமரும். அதனால் ஸ்கோப் கண்ணிலிருந்து தள்ளி நிற்கும். கண்தூரம் அதிகமுள்ள, அதாவது கண்ணிலிருந்து தள்ளி நின்றாலும் முழுக் காட்சி தரும் ஸ்கோப் வேண்டும், அல்லது பின்னோக்கி வளைந்த வளையம் வேண்டும். இதை அறியாமல் வாங்கிவிட்டுக் கழுத்தை நாரை போல நீட்டிச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

ஆல்ப்ஸ் அடிவாரம் | செப்டம்பர் 19

7x57 என்றதும் என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பிறந்த தோட்டா, தோளை இடிக்காது. இங்கே ரோ மான் என்ற சிறு மானுக்கு மேற்பட்ட பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் அளவும், 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும் சட்டப்படி வேண்டும். 7x57 அதைச் சிரமமில்லாமல் தாண்டும்.

---

தேனி வாசகன் | செப்டம்பர் 20

ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பியும் இந்தத் தோட்டாதான் என்று எங்கோ படித்தேன். சரியா?

---

பழைய இரும்பு | செப்டம்பர் 20

சரி. ஜெர்மன் 7x57க்கு பிரிட்டிஷார் இட்ட பெயர் .275 ரிக்பி. சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாக வந்த ரைபிள் அது. ஆனால் அது மாசர் வகை போல்ட். மேலே ஒருவர் இதைப் படித்து மகிழ்ந்துகொண்டிருப்பார்.

---

போல்ட்டே போதும் | செப்டம்பர் 20

மகிழ்ந்தேன்.

---

நெறியாளர் | செப்டம்பர் 20

இந்தியாவிலிருந்து படிக்கும் உறுப்பினர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. இந்த இழை அந்தந்த நாட்டு உரிமத்தோடு வேட்டையாடுகிறவர்களுக்கானது. தொடருங்கள்.

---

சமவெளிக்காரன் | அக்டோபர் 6

வாங்கிவிட்டேன், 1-ஏ. திருகாணியைக் காட்டி 150 டாலர் குறைத்தேன், மரத்தச்சன் ஐயாவுக்கு அதில் பாதி கடன்.

ஆயுத பூஜை அன்று மனைவி தன் தையல் இயந்திரத்துக்கும் காருக்கும் பொட்டு வைத்துவிட்டு இதன் பின்கட்டையிலும் ஒரு சந்தனத் துளி வைத்தாள். துடைக்க மனம் வரவில்லை.

இனி உண்மைச் செய்தி. 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டேன். குண்டுகளின் சிதறல் முதல் அட்டையில் ஆறு சென்டிமீட்டர், இரண்டாவதில் எட்டு. குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏணிப்படி போல ஏறிக்கொண்டே போகின்றன. அகலவாக்கில் விலகல் இல்லை.

---

மரத்தச்சன் | அக்டோபர் 6

ஏணிப்படி என்றால் முன்கட்டை அழுத்துகிறது. குழல் சூடாகச் சூடாக மரத்தின் மேல் ஏறி நிற்கிறது. ஒரு தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு நுனியிலிருந்து பின்னோக்கி இழுங்கள். எங்கே சிக்குகிறது?

---

சமவெளிக்காரன் | அக்டோபர் 6

நுனியிலேயே சிக்குகிறது. உள்ளே நுழையவே மறுக்கிறது.

---

மரத்தச்சன் | அக்டோபர் 6

முன்கட்டையைக் கழற்றுங்கள். கிழிந்த திருகாணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள். இரும்புக் கைக்கும் மரத்துக்கும் நடுவில், திருகாணி போகும் இடத்தில், குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய ரப்பர் வளையம் ஒன்றை வையுங்கள். பிறகு திருகாணியை இறுக்கமாக அல்ல, பிடிப்பு வந்ததும் நிறுத்துங்கள். அப்போதும் நுனியில் தாள் சிக்கினால் அந்த இடத்தில் மட்டும் மரத்தை லேசாகத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு எண்ணெய் பூசுங்கள். பூசாமல் விட்டால் பனி ஈரத்தைக் குடித்துவிட்டு மரம் மறுபடி வீங்கும்.

இன்னொன்று. வேட்டை ரைபிளை மூன்று மூன்றாகச் சுட்டு அளக்காதீர்கள். மானுக்கு முன்னால் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலின் முதல் குண்டு. ஐந்து நாள், நாளுக்கு ஒரே குண்டு, ஒரே அட்டை. அந்த ஐந்தும் எப்படி விழுகின்றன என்பதுதான் உங்கள் ரைபிளின் உண்மைக் குணம்.

---

மிசிசிப்பி மீனவன் | அக்டோபர் 7

நான் முன்கட்டைக்கு உள்ளே பழைய பைசைக்கிள் டியூப் துண்டு வைத்திருக்கிறேன். அதே தத்துவம், அழகு குறைவு.

---

சமவெளிக்காரன் | அக்டோபர் 18

ரப்பர் வளையம், புதிய திருகாணி, நுனியில் ஒரு சிறு தேய்ப்பு. ஐந்து நாள், ஐந்து குண்டு, இரண்டு நாள் நல்ல காற்று. நான்கு சென்டிமீட்டருக்குள் ஐந்தும். அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன், ஒரு மணி நேரம் அனுமதித்தார்கள்.

200 மீட்டருக்குப் பொருத்தியிருக்கிறேன். 300இல் ஒரு சாணுக்குச் சற்று மேல் தாழ்கிறது. 300இல் சுடும் எண்ணம் எனக்கு இல்லை.

ஒரு கேள்வி. தோட்டாவை நானே நிரப்புகிறேன். இந்த ரைபிள் வெற்றுக்கூட்டை டிங் என்று பின்னால் எறிகிறது. 7x57 கூடுகள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. எறியாமல் தடுக்க முடியுமா?

---

மரத்தச்சன் | அக்டோபர் 18

முடியும். முன்கட்டையைக் கழற்றினால் அந்த இரும்புக் கையிலேயே எஜெக்டரின், அதாவது கூட்டை எறியும் உறுப்பின், சுருள்வில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கூடு எறியப்படாது, சிறிது பின்னால் வந்து நிற்கும், விரலால் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள், அந்த வில்லுக்குக் கோபம் அதிகம். முன்கட்டையை ஏற்கெனவே மூன்று முறை கழற்றியிருக்கிறீர்கள், இன்னொரு முறை ஒன்றும் ஆகாது. வேட்டைக்கு முன் செய்துவிடுங்கள்.

---

சமவெளிக்காரன் | அக்டோபர் 18

செய்கிறேன். ஆனால் அந்த டிங் ஒலி நன்றாக இருக்கிறது.

---

ஆல்ப்ஸ் அடிவாரம் | நவம்பர் 12

தம்பி, பருவம் தொடங்கியிருக்குமே? செய்தியே காணோம்.

---

சமவெளிக்காரன் | நவம்பர் 23

மன்னியுங்கள் அக்கா. மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை தூரம் அதிகம், விட்டுவிட்டேன். .308 கையில் இருந்திருந்தால் ஒன்றையாவது முயன்றிருப்பேன், மறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் வயிற்றால் ஊர்ந்து போனேன். வெண்வால் ஆண் மான், 140 மீட்டர், பக்கவாட்டில். விரலிடுக்கில் இரண்டாம் தோட்டா இருந்தது, அது அங்கேயே இருந்துவிட்டது. மான் முப்பது அடி ஓடி விழுந்தது. பண்ணையாருக்கு ஒரு பின்தொடை கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைபிளை வாங்கிப் பார்த்தார். சந்தனப் பொட்டு என்ன என்று கேட்டார், விளக்கினேன். அவருடையதற்கும் ஒன்று வைக்கச் சொன்னார்.

---

மரத்தச்சன் | நவம்பர் 23

வாழ்த்துகள். எஜெக்டர் வில்லை எடுத்தீர்களா?

---

சமவெளிக்காரன் | நவம்பர் 23

இல்லை.

மான் விழுந்ததைப் பார்த்ததும் பழக்கத்தில் நெம்புகோலை இறக்கிவிட்டேன். டிங் என்றது. முழங்கால் ஆழப் பனியில் இருபது நிமிடம் தேடினேன், கிடைக்கவில்லை. இடத்துக்கு அடையாளமாக வேலிக்கம்பத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன். ஏப்ரலில் பனி உருகியதும் போய்ப் பார்க்க வேண்டும்.